மச்சானோட வந்த பொடி

எனக்கு ஒரு நோய் இருந்தது. இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. கடைக்கு வராத கமராக்களைப் பற்றிப் பேசும் நோய் அது. வந்த கமராவைப் பற்றி யாரும் பேசலாம், கையில் எடுத்துப் பார்த்தால் முடிந்தது. வராத கமராவின் எடை, விலை, எந்த மாதம் எந்தக் கிழமை வெளியாகும் என்பதையெல்லாம் அடித்துச் சொல்ல என்னைப் போல வேலையற்ற ஒருவன் வேண்டும்.

வேலையற்றவன் என்றாலும் தொழில் இருந்தது. கற்பிட்டியில் கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவன் நான். கல்யாணம் இல்லாத நாட்களில் இணையத்தில் வதந்தி மேய்வேன். எங்கோ ஓர் ஆள் இருட்டில் எடுத்த மங்கலான படத்தில் கமராவின் ஒரு திருகி மட்டும் தெரியும். அந்தத் திருகியை வைத்து முழுக் கமராவையும் நான் கட்டி எழுப்பி, விலையும் ஒட்டிவிடுவேன். ‘கமராக் கதை’ என்று வட்சப்பில் ஒரு குழுமம் வைத்திருந்தேன். அதில் என் எதிர்வுகூறல்களை நம்பி இரண்டு பேர் கமரா வாங்காமலேயே தொழிலை விட்டுப் போனார்கள். (ஒருவர் இப்போது வெங்காயத் தோட்டம் செய்கிறார், சந்தோசமாக இருக்கிறார், எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.)

அந்த வருடம் நான் பிடித்துக்கொண்டிருந்த வதந்தி, என் கமராவின் புதிய பிறப்பான மார்க் மூன்று பற்றியது. இந்த மாதமே வருகிறது, விலை பழையதைவிடக் குறைவு, வந்த மறுநாளே பழைய மார்க் இரண்டை யாரும் சீந்தமாட்டார்கள். இது என் கணிப்பு. கணித்ததோடு நின்றிருந்தால் பிழையில்லை. விலை விழுவதற்கு முன் கெட்டிக்காரத்தனமாக என் மார்க் இரண்டைப் புத்தளத்து மன்சூருக்கு விற்றுவிட்டேன். அவனும் கல்யாணப் படக்காரன்தான். ‘பாவம், ஏமாந்துவிட்டான்’ என்று எனக்கு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை.

கையில் கமரா இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஹாஜியாரின் மகளுக்குக் கல்யாணம். கற்பிட்டிப் படகுகளுக்கெல்லாம் ஐஸ் கொடுக்கிறவர் அவர். அந்தக் கல்யாணப் படம் சரியாக வந்தால் குடாநாடு முழுதும் என் பெயர் பரவும், வராவிட்டால் நானும் வெங்காயத்துக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி மச்சான். என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை, டுபாயில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை லீவில் வருகிறார். டுபாய்க் கடைகளுக்கு எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும் என்பது என் இன்னொரு கணிப்பு. ‘ஆகப் புதிய பொடியை எடுத்து வாருங்கள், லென்ஸ் வேண்டாம்’ என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். எங்கள் தொழிலில் லென்ஸ் இல்லாத வெறும் கமராவுக்குப் பெயர் பொடி. ஊரில் மற்ற எல்லோருக்கும் பொடி என்றால் பிரேதம். இந்த இரண்டாவது அர்த்தம் அந்தக் கிழமை முழுதும் என் நினைவுக்கே வரவில்லை.

வியாழக்கிழமை புத்தளத்திலிருந்து கற்பிட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மன்சூர் போனில் கோல் எடுத்தான், புதியது எப்போது வருகிறது என்று கேட்டான். பாலாவிப் பக்கம் காற்று ஜன்னலால் அடித்தது. நான் கத்தினேன்.

“மச்சானோட பொடி நாளைக்குக் காலையில வருது. டுபாய்ல இருந்து. பெட்டியிலதான்.”

இரண்டு இருக்கை தள்ளி எங்கள் அடுத்த வீட்டு கதீஜா மாமி இருந்தார். மச்சானோட என்றுதான் நான் சொன்னேன், அதாவது மச்சான்கூட. காற்று அந்த ஓகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மாமியின் காதில் விழுந்தது ‘மச்சான்ட பொடி’, மச்சானுடைய பிரேதம். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் போனை மடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி வரும் என்று மாமி அறிந்திருந்தார்.

உம்மாவும் வாப்பாவும் உம்ராவுக்கு மக்கா போயிருந்தார்கள். வீட்டில் ராத்தாவும் நானும்தான். வெள்ளிக்கிழமை காலை ராத்தா மச்சானுக்காக வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தாள், வாயில் ஒரு பாட்டும் இருந்தது. எட்டு மணிக்குப் பள்ளியிலிருந்து கதிரைகள் வந்து இறங்கின. தறப்பாள் கட்டினார்கள். பெண்கள் முக்காட்டோடு வந்து குசினி வாசலில் நின்று, பாடிக்கொண்டிருக்கும் ராத்தாவைப் பார்த்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவளுக்கு இன்னும் தெரியாது, நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது கதீஜா மாமியின் கட்டளை. அதனால்தான் பள்ளி ஒலிபெருக்கியிலும் மரண அறிவித்தல் சொல்லவில்லை. மாப்பிள்ளை வருகிற சந்தோசத்தில் பங்குகொள்ள ஊரே வந்திருக்கிறது என்று ராத்தா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அதைக் குடித்தவர்கள் அழுதார்கள்.

நான் மட்டும் என்ன பெரிய ஆளா? கதிரைகளைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்தது. இலங்கைக்கு வரும் முதல் மார்க் மூன்றைப் பார்க்க ஊர் திரண்டிருக்கிறது என்று நினைத்தேன். கமராவின் அருமை தெரியாத சனம் என்று இத்தனை நாள் இவர்களைக் குறை சொன்னதற்கு வெட்கப்பட்டேன். நல்ல சேட் ஒன்றை மாற்றிக்கொண்டு தறப்பாளின் கீழ் வந்து நின்றேன்.

சலாம் காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பள்ளியில் மையத்துக் குளிப்பாட்டுகிறவர், இறந்தவர்களின் கடைசிக் குளிப்பு அவர் கையால்தான். மடியில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள். (கமராவுக்குப் பின்னால் விரிக்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று எண்ணினேன்.)

“பொடி எத்தின மணிக்கு வந்து சேரும், தம்பி?”

“பத்து, பதினொன்டாகும் காக்கா. பிளேன் எறங்கிரிச்சு. வேன் வந்துக்கிட்டிரிக்கு.”

“பெட்டியோடதானே?”

“ஓம். சீல் வச்ச பெட்டி. நான்தான் ஒடைக்கணும் என்டு சொல்லியிரிக்கேன்.”

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கமராவுக்காக இந்த மனிதர் இவ்வளவு உருகுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

“அப்ப தண்ணி ஏற்பாடு செய்யட்டா?”

“தண்ணியா? ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது காக்கா. காய்ஞ்ச துணியால மெல்லமாத் தொடைச்சாக் காணும்.”

“நம்மட மார்க்கத்தில அப்பிடி இல்லையே, தம்பி.”

“பழைய மார்க்கிலயும் அப்பிடித்தான் காக்கா.”

அவர் துணிச் சுருளை மடியில் இறுக்கிக்கொண்டார். பிறகு ஜும்மாத் தொழுகை முடிந்த கையோடு வைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். வைப்பதென்றால் அலுமாரிக்குள்தான் வைக்க வேண்டும், இந்த உப்புக் காற்றில் வெளியே கிடந்தால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், உள்ளே கொஞ்சம் அரிசியும் போட வேண்டும் என்று விளக்கினேன். சலாம் காக்கா எழுந்தார். என் தலையில் கை வைத்து ஏதோ ஓதி, மூன்று தரம் ஊதிவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஐஸ் ஹாஜியாரின் வாகனம் வந்து நின்றது. அவர் என்னைத் தனியாகக் கூட்டிப் போய்த் தோளில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை நான் வரத் தேவையில்லை, வேறு ஆளுக்குச் சொல்லியாயிற்று என்றார். கமரா விற்றது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் என் புத்திக்கு எட்டியது. விட்டுக்கொடுப்பேனா?

“ஹாஜியார், பொடி வந்தாக் காணும். வந்த கையோட தூக்கிக்கிட்டு ஒங்கட வீட்டுக்கு வந்திருவேன். பொண்ணுக்குப் பக்கத்தில வச்சே காட்டுறன்.”

ஐஸ் ஹாஜியார் தன் தொழிலுக்கு ஏற்ற மாதிரி உறைந்து போனார். இரண்டு அடி பின்வாங்கி, சலாம் காக்காவைத் தேடினார். மனிதர்கள் கூடிக் கூடிக் குசுகுசுத்தார்கள். பொடியனுக்கு மூளை கலங்கிவிட்டது, கட்டிப் போடுவதா வேண்டாமா என்பதுதான் அந்தக் கூட்டத்தின் பேச்சாம். பிறகு தெரிந்தது.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. வேனின் முன்கதவு திறந்தது. பளபளக்கும் புதுச் சப்பாத்து ஒன்று முதலில் வெளியே வந்தது, அதன் பிறகு மச்சான் வந்தார். கூட்டத்தைக் கண்டு மலைத்து, சலாம் சொன்னார். கதீஜா மாமிதான் கிட்டப் போய், அவருடைய முழங்கையைக் கிள்ளிப் பார்த்தார்.

“நீங்க மௌத்தாகல்லையா, மகன்?”

“இல்ல மாமி, லீவில வந்திரிக்கேன்,” என்றார் மச்சான், மரியாதையாக.

ராத்தா அகப்பையோடு ஓடி வந்தாள். யார் யாருக்கு என்ன சொன்னது என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். கேள்வி பஸ்வரைக்கும் போய், பஸ்ஸிலிருந்து என் வாய்க்கு வந்து நின்றது. தறப்பாளின் கீழ் இருந்த அத்தனை கண்களும் என்மேல் திரும்பின. நான் மச்சானின் கையிலிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, “இதுதான் பொடி” என்றேன். அன்று அந்தப் பெட்டிக்குள் நானே போய்ப் படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

முதலில் சிரித்தது சலாம் காக்கா. “அரிசியும் போடணுமாம்” என்று சொல்லிச் சொல்லி, துணிச் சுருளில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. நடந்தது முழுதாக விளங்கியதும் மச்சானின் சேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அகப்பையால் என் முதுகில் இரண்டு போட்டாள். அந்த அடியை நான் இன்றுவரை நியாயம் என்றே சொல்வேன்.

பெட்டியைத் திறந்தேன். மார்க் இரண்டு. நான் விற்ற அதே கமரா, கீறல் மட்டும் இல்லை. இதுதான் ஆகப் புதியது என்று டுபாய்க் கடைக்காரன் மச்சானிடம் சொன்னது உண்மைதான், மார்க் மூன்று என்று ஒன்று அந்த வருடம் வரவே இல்லை. அடுத்த வருடம் வந்தபோது அதன் விலையைப் பார்த்துவிட்டு நான் குழுமத்தையே கலைத்துவிட்டேன்.

கூடியவர்களை நிற்க வைத்து, புதிய பொடியில் என் பழைய லென்ஸைப் பூட்டி முதல் படம் எடுத்தேன். நடுக் கதிரையில் மச்சான், பக்கத்தில் கண் வீங்கிய ராத்தா, பின்னால் துணிச் சுருளோடு சலாம் காக்கா. ஹாஜியார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாம் என்றார். போனேன். அவர் அவசரத்தில் பிடித்திருந்த மற்றப் படக்காரன் யாரென்று நினைக்கிறீர்கள்? மன்சூர். என் பழைய கமராவோடு எனக்கு எதிரே நின்று, எவ்வளவு மலிவாக வாங்கினான் என்று அன்று முழுதும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தான்.

அந்தப் படம் ராத்தாவின் வீட்டு ஹோலில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் என்ன வைபவம் என்று கேட்டால், “இவர்ட மையத்து வீடு” என்பாள் ராத்தா. அந்த நேரம் பார்த்து மச்சான் தேத்தண்ணியோடு வருவார்.

மச்சான் இப்போது டுபாயை விட்டுவிட்டுச் சந்தியில் ஒரு ஹாட்வெயார் கடை நடத்துகிறார். கண் கொஞ்சம் மங்கி, மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது தினமும் உள்ளே பார்த்துச் சொல்வார்:

“பொடி வந்திரிச்சு.”

குசினியிலிருந்து ராத்தா கேட்பாள்: “லென்ஸோடயா?”

பாதி நாட்களில் மச்சான் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை எடுக்கக் கடைக்குத் திரும்பி நடப்பார்.