பதினேழு வோல்ட்டில் பெண் பார்க்கப் போனது

தெரியாத தொழிலைத் தெரியும் என்று சொல்ல நான் ஒருநாளும் தயங்கியதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஈரோட்டில் டீக்கடை, போர்வெல் லாரியில் மூன்று வருடம், நாக்பூர் பக்கம் ஒரு தாபாவில் மாவு பிசைந்தது எல்லாம் அப்படிச் சொல்லிச் சேர்ந்த வேலைகள்தான். (மாவு பிசைய எட்டு நாளில் கற்றுக்கொண்டேன். அந்த எட்டு நாள் சாப்பிட்டவர்கள் மன்னிக்கவும்.) அந்தப் பழக்கம் ஒருநாள் என்னைப் பெண்ணின் அப்பா முன்னால் புகைகிற காரோடு நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முப்பத்து மூன்று வயதில், விருத்தாசலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வேலை. அக்கா பெண் தேடினாள். பையன் ஒரு இடத்தில் நிற்க மாட்டானாமே என்று நான்கு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐந்தாவது இடம் பெண்ணாடம். இந்த முறை அக்கா தரகரிடம், தம்பி மோட்டார் எலெக்ட்ரீஷியன், ஆல்டர்நேட்டரைப் பிரித்துப் புதிதாகவே ஆக்கிவிடுவான் என்று சொல்லி வைத்தாள். இதுவும் போனால் இனி யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அவள் தரகரிடம் சொன்னதில் பாதி உண்மை. மாமாவின் பழைய காரில் ஆல்டர்நேட்டர் போய்விட்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிற சாமான் அது. காயலான் கடையில் பழையது ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, பிரித்து, பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றித் திரும்பப் பூட்டினேன். பூட்டி முடித்தபோது சாக்கில் ஒரு சின்ன வெள்ளை வளையம் கிடந்தது.

வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பேன். ஆனால் செராமிக் சூளைகளுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. மண்ணில் எங்கே கையை வைத்தாலும் வெள்ளையாக ஏதாவது அகப்படும். பியூஸ் கட்டையின் மூக்கு, பொம்மையின் கை, கிண்ணத்தின் காது. மழைக்கு வாசல் சேறாகாமல் இருக்க உடைந்த பீங்கானைத்தான் கொட்டுவார்கள். இதுவும் அந்த ஜாதி என்று நினைத்தேன். ஓட்டை உருண்டையாக, அழகாக இருந்தது. கார் சாவியில் கோத்துக்கொண்டேன்.

இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பதினாலு, மிஞ்சிப் போனால் பதினாலரை வோல்ட் காட்ட வேண்டும். பதினேழு காட்டியது.

"அதிகமா இருக்குதே" என்றார் மாமா.

"மீட்டர்ல செல்லு வீக்கு மாமா. செல்லு இறங்கினா ஏத்திக் காட்டும்."

இது உண்மையான தகவல். அன்றைக்கு மட்டும் பொய். மாமா புது செல் வாங்கி வந்து போட்டார். பதினேழே கால் காட்டியது. உடனே ரெகுலேட்டர் போச்சு என்றேன். வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. புது ரெகுலேட்டர் வந்தது. அதே பதினேழு. புது ரெகுலேட்டர் நாற்பது கிலோமீட்டர் ஓடினால்தான் செட்டாகும் என்றேன். (இதை எந்த ஊரில் கற்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) அப்படியென்றால் பெண்ணாடம் போய் வந்தால் சரியாக இருக்கும் என்று மாமாவும் நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். மாமா ஓட்டினார், பக்கத்தில் பட்டு வேட்டியில் நான். பின்னால் பூ, பழத்தட்டோடு அக்காவும் பெரியப்பாவும். பாட்டுப் பெட்டி ஊரைத் தாண்டும்முன்பே 'சிட்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. கரும்பு டிராக்டருக்கு ஹாரன் அடித்தால் டிராக்டர்காரர் லாரி என்று நினைத்து ஓரம் கட்டினார். எனக்கு அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் நாற்றம். அழுகின முட்டை நாற்றம். சர்க்கரை மில் வாடை என்றாள் அக்கா. மில் இன்னும் வரவே இல்லை. பெரியப்பா காலையில் இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தார். அக்கா பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் மரியாதைக்காக வெளியே பார்த்தேன். ஐந்து கிலோமீட்டர் எல்லா ஜன்னலும் திறந்தே இருந்தது.

"சத்தியமா நான் இல்லடா" என்றார் பெரியப்பா.

பெண் வீட்டு வாசலில் நின்றபோது பானெட் இடுக்கில் புகை வந்தது. வரவேற்க வந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். மாமா திறந்தார். பேட்டரி கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி, மூடி வழியாக ஆசிட்டைக் கொதிக்கக் கொதிக்கக் கக்கிக்கொண்டிருந்தது. அழுகின முட்டை நாற்றம் கொதிக்கிற பேட்டரியுடையது. பேட்டரிக் கடையில் வேலை செய்கிற நான் அதைப் பெரியப்பா தலையில் கட்டியிருந்தேன்.

"தம்பிதானே எலெக்ட்ரீஷியன்? என்னான்னு பாருங்களேன்" என்றார் பெண்ணின் அப்பா, கலவரமில்லாமல். தெருவே கூடிவிட்டது. இன்ஜினை நிறுத்தி, சாவியை விரலில் சுழற்றியபடி, ரெகுலேட்டர்களின் தரம் இப்போதெல்லாம் எப்படிக் கெட்டுவிட்டது என்று விளக்க ஆரம்பித்தேன்.

காபித் தட்டோடு உள்ளே இருக்க வேண்டிய பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் கலைச்செல்வி. விருத்தாசலத்தில் மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். இறங்கி வந்து அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். வளையத்தை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"பீங்கான் இல்ல, பிளாஸ்டிக்கு. ஆனா எங்க கம்பெனி இன்சுலேட்டர் வளையம் மாதிரியேதான் இருக்குது. இது ஏதுங்க?"

"ஆல்டர்நேட்டர் பூட்டினப்போ மிச்சமாச்சுங்க."

அவள் என்னையும் புகைகிற பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்சுலேட்டர் மிச்சமாவாதுங்க. எங்கயோ இல்லாம இருக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரஷ்ஷைப் பிடிக்கிற திருகு இரும்பைத் தொடாமல் இருக்க அடியில் ஒரு வளையம் உண்டு. அது இல்லாததால் திருகு இரும்பைத் தொட்டு, கரண்ட் ரெகுலேட்டர் வழியாகப் போகாமல் குறுக்கு வழியில் முழு வேகத்தில் போயிருக்கிறது. பத்து ரெகுலேட்டர் மாற்றினாலும் அதன் பேச்சைக் கேட்க அங்கே ஆளில்லை. ஊருக்கெல்லாம் இன்சுலேட்டர் செய்து அனுப்புகிற ஊரில், எனக்கு வேண்டிய ஒரே ஒரு இன்சுலேட்டரைச் சாவியில் தொங்கவிட்டு, அதே சாவியைப் போட்டுத் தினமும் வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறேன்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வாசலிலேயே பிரித்து, வளையத்தை அதன் இடத்தில் போட்டுப் பூட்டினேன். காபி ஆறிப் போனது. பக்கத்து வீட்டு டிராக்டரிலிருந்து பேட்டரி இரவல் வாங்கி மாட்டி ஓடவிட்டு, மாமா மீட்டர் வைத்தார். பதினாலு புள்ளி இரண்டு.

"செல்லு தேறிடுச்சு போலடா" என்றார் என்னிடம், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஐந்தாவதும் போனது என்று நானே முடிவு செய்து, மறுபடி போர்வெல் லாரிக்குப் போக பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். நான்காம் நாள் தரகர் வந்து பெண்ணுக்குச் சம்மதம் என்றார். எனக்கு பேட்டரியைப் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் காரணம் கேட்டேன். அத்தனை பேர் முன்னால் மிச்சமாச்சு என்று உள்ளதைச் சொன்னீர்களே, அதனால்தான் என்றாள். (அந்த நேரத்தில் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

பெரியப்பா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேரைக் கூட்டி வைத்து, "அது பேட்டரின்னு சொல்லுடா" என்பார். நானும் சொல்வேன். யாரும் நம்புவதில்லை.

போன வாரம் கூடத்து ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினேன். ஒரு திருகு மிச்சம். சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கலைச்செல்வி காபியோடு வந்தாள். அண்ணாந்தும் பார்க்கவில்லை. நாற்காலியை ஃபேனுக்கு அடியிலிருந்து சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தாள்.