டிங்டிங் மாமாவின் டிராம் பாதை

மும்பையில் டிராம் நின்றுபோன செய்தி ஊரில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, டிங்டிங் மாமா ஒருவரைத் தவிர. இத்தனைக்கும் கடைசி டிராமுக்கு மாலை போட்டுக் கண் கலங்கிவிட்டு வந்தவர் அவர். மறுநாள் காலை குடையும் டிபன் டப்பாவுமாக அதே ஸ்டாப்பில் போய் நின்றார். பஸ் வந்தது. "இது ஓடும், டிராம் மாதிரி வராது" என்று அதை அனுப்பிவிட்டு நடந்தே ஆபீஸ் போனார்.

போன மாதம் தாதர் பக்கம் சாலையைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து தலையைக் காட்டியது. பையன்கள் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மாமாவின் மூக்கு ஞாபகம் வந்தது.

ஏனென்றால் அவர் மணியடிப்பது மூக்கால்தான். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்தார். பரேலில் ஒரு மில்லில் குமாஸ்தா. டிராம் கண்டக்டரின் சட்டம்தான் அவருக்கு வேதம்: ஒரு மணி அடித்தால் நில், இரண்டு மணி அடித்தால் கிளம்பு. கல்யாணப் பந்தியில் சாம்பார் போதும் என்றால் "டிங்". ரசம் வரலாம் என்றால் "டிங் டிங்". பஜனையில் பாகவதர் ராகத்தை இழுத்துக்கொண்டே போனால் பின்வரிசையிலிருந்து ஒரு "டிங்" வரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டடமே அவருக்கு நன்றி சொல்லும்.

டிராம் ஓடிய நாட்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளை டிராமில் ஏற்றி ஊர் காட்டுவார். மற்ற வீட்டு மாமாக்கள் ராணி பாக் மிருகக்காட்சி சாலையில் யானை காட்டினார்கள். எங்கள் மாமா பரேலில் புகைபோக்கி காட்டினார். "அதோ, கறுப்பா பொகை வரதே, அதுதான் நம்ம மில்லு!" ஷிப்ட் முடிந்து ஏறும் தொழிலாளிகளின் தலையெல்லாம் பஞ்சு. அதில் பாதி எங்கள் தலைக்கு மாறும். கடைசி ஸ்டாப்பில், கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கம்பத்தைக் கயிற்றால் இழுத்து மறுபக்கம் திருப்புவதைப் பார்க்க எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்திவைப்பார். தரிசனம் முடிந்ததும் அதே டிராமில் வீடு. ஐஸ்கிரீம் என்று வாய் திறந்தால் "டிங்".

டிராமைப் பற்றித் தப்பாகப் பேசினால் மட்டும் மனிதர் மன்னிக்க மாட்டார். மூன்றாம் மாடி வாத்தியார் ஒருநாள், "அந்த நாள்ல தாராவி வரைக்கும் டிராம் போயிண்டிருந்ததே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"எவன் சொன்னான் ஓய்? கிங்ஸ் சர்க்கிளோட சரி. அதுக்கு மேல ஒரு ஆணி அடிச்சதா காட்டும், நான் பூணூலைக் கழட்டி வெச்சுடறேன்!"

அதோடு பேச்சு வார்த்தை அறுந்தது. தன் அப்பாவின் சிராத்தத்துக்குக்கூட மூன்றாம் மாடியைத் தாண்டி செம்பூரிலிருந்து வாத்தியாரை வரவழைத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். டிராம் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் எனக்கு ஸ்டெனோ வேலை கிடைத்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். முந்தின நாள் ஞாயிறு என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கல்யாண் ஊரிலிருந்து வருகிறார்கள். "பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அவர்கள் சரி என்றால் என் வேலை போச்சு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு எந்தக் கட்டத்திலும் கிடையாது.

சனிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். குடையோடு வந்த மாமா நின்றார்.

"என்னடி? மாப்பிள்ளை வேண்டாமா?"

"வேலை வேணும் மாமா."

"ம்" என்றார். தாண்டிப் போய்விட்டார். கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் தாதர் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்துவரும் பொறுப்பை அப்பா மாமாவிடம் கொடுத்தார். மாமா எப்படியும் அந்த நேரத்தில் தாதரில் பழைய டிராம் ஸ்டாப்பில்தான் நிற்பார், சும்மா நிற்பவருக்கு ஒரு வேலையாக இருக்கட்டும் என்று எண்ணம். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அழைச்சுண்டு வந்துடுங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மா சொஜ்ஜியைக் கிளறி, பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்தாள். நாலரை ஆயிற்று. எண்ணெய் காய்ந்து புகைந்ததுதான் மிச்சம்.

இருட்டும் சமயம் பிள்ளையின் அப்பா மட்டும் மேல்மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பட்டு வேட்டி முழங்கால் வரை சேறு. மற்றவர்கள் கீழே டாக்ஸியை விட்டு இறங்க மறுத்துவிட்டார்களாம்.

"மனுஷாளை அழைச்சுண்டு வர ஒரு பைத்தியத்தையா அனுப்புவேள்? டாக்ஸி வேண்டாம், டிராம் பாதையிலேயே நடந்தா அஞ்சே நிமிஷம்னார். ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் 'டிங்'னு நிக்க வெச்சார். ஜனங்க ஏறணுமாம்! ஒரு பெரிய சர்க்கிள் வந்தது. இங்கதானே வீடுன்னு கேட்டேன். இல்லே, லைன் இன்னும் போறதுன்னார். நேரே தாராவிக்குக் கொண்டுபோய், தோல் காயப்போட்டிருக்கற சந்துல விட்டுட்டார்!"

அங்கே திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் கட்டிலைப் போட்டு உட்கார வைத்து சோடா கொடுத்திருக்கிறார். "டிராமா? இங்க கைவண்டி வந்தாலே திருப்ப முடியாது, பாத்துக்கிடுங்க. சோடா குடிங்க மொதல்ல" என்றாராம். சம்பந்தி அம்மாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. காலில் போட்டிருந்த புதுச் செருப்பு மட்டும் பாற்கடலில் பிறந்தது என்று நினைப்பு.

"சகுனமே சரியில்லே. இந்த இடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அப்பா மாமாவின் வாசலில் நின்று கத்திய கத்தல் கிங்ஸ் சர்க்கிள் வரை கேட்டிருக்கும். "பாகல்! பைத்தியம்! வாழ வேண்டிய பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேளே!" மாடிக்கு மாடி ஜனம் கூடிவிட்டது. மூன்றாம் மாடி வாத்தியாருக்குத்தான் கொண்டாட்டம். "தாராவிக்கு டிராம் போறதுன்னு நான் சொன்னப்போ மட்டும் கோவம் வந்ததே ஓய்? இப்ப நீரே கூட்டிண்டு போயிருக்கீரே!" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். டிராம் பேச்சில் யாருக்கும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம் ஓய், நீர் சொன்னதுதான் சரி. தாராவி வரைக்கும் போயிண்டிருந்தது" என்றார்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

மறுநாள் காலை வேலையில் சேரக் கிளம்பினேன். அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. மாமா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து மூக்கு மட்டும் பேசியது.

"டிங் டிங்."