சர்டிபிகேட் வைத்த பரீட்சை

எந்த ஜோடியைப் பார்த்தாலும், இது காதலா வெறும் அழகு மயக்கமா என்று அரை நிமிடத்தில் தீர்ப்பு சொல்லும் ஒரே ஆட்டோக்காரர் திருவண்ணாமலையில் எங்கள் சர்டிபிகேட்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் ஆட்டோவுக்கே தெரியாது.

செங்கம் ரோட்டில் என் தையல் கடைக்கு எதிரேதான் அவர் ஸ்டாண்டு. ஒருமுறை பெங்களூர் ஜோடி ஒன்றை ஏற்றிப் போனவர், "அம்மா மூஞ்சியவே பாக்குறீங்களே சார், அவங்க மேல வெயிலடிக்குதே, இடம் மாறி உக்காந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆசிரமத்துக்குக் கிளம்பியவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆளுக்கொரு பஸ் ஏறினார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள்கூட, அவரிடம் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகும்படி கேட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவரிடம் நானே போய் மாட்டினேன்.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து பக்கத்து விடுதிக்கு வேலைக்கு வந்தவள் தேவகி. கிழிந்த தலையணை உறைகளைத் தைக்கக் கொண்டு வருவாள். அவள் வந்தால் எனக்கு ஊசியில் நூல் ஏறாது. அது அவள் அழகாலா, அவளாலா என்று எனக்குப் பிடிபடவில்லை. சர்டிபிகேட்டைக் கேட்டேன்.

"அவளோட மலைய சுத்திட்டு வா. பதினாலு கிலோமீட்டரும் மூஞ்சியப் பாக்காத, ஒரு வார்த்தை பேசாத. அவ கால் வலிக்கும்போது உன் கால் நின்னா, அது காதல்டா."

அவளைக் கூப்பிடவே எனக்கு மூன்று பௌர்ணமி ஆனது. அவள் உடனே சரி என்றாள். விடிகாலையில் கிளம்பினோம். கிரிவலப் பாதையில் ஆறாவதாக வரும் வாயு லிங்கம் அருகே அவள் பாதத்தில் கல் குத்தியது. நின்றேன். அவள் நடந்ததும் நடந்தேன்.

ராஜகோபுரத்தை நெருங்கியதும் தேவகி நின்றாள்.

"எதுனா சொல்லுவீங்கன்னு பாத்துனே வந்தேன். வீட்ல மாப்ள பாத்திருக்காங்க. இன்னிக்கி நான் பதில் சொல்லணும்."

தொடங்கிய இடத்துக்கு இன்னும் நூறடி பாக்கி இருந்தது. நான் பேசவில்லை. அவள் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

"அண்ணா, பாஸாயிட்டேன்" என்று சர்டிபிகேட்டிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"எல்லாரும் மூணாவது லிங்கத்துலயே பேசிடுவாங்கடா. நீ நெஜமாவே பேசாம வந்துட்டியா?"

உடனே ஆட்டோவை அடி அண்ணாமலைப் பக்கம் திருப்பினார். தேவகிக்கு இரண்டு அண்ணன்கள். பேச்சுக்கு முன்னால் கையை நீட்டுகிறவர்கள். அடுத்த மாதமே அவளைப் போளூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

அவர்களிடம் பேசப் போன அன்று சாயங்காலம் திரும்பி வந்த சர்டிபிகேட்டின் காலர் பாதி கிழிந்து தொங்கியது.

"ஆட்டோ கதவுல மாட்டிக்கிச்சி. தெச்சிக் குடு" என்றார்.

எந்த ஆட்டோவுக்குக் கதவு இருக்கிறது? சட்டையை வாங்கி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.