ஹேண்டில்பார் ஒழுகவில்லை

அன்பும் பிடிவாதமும் ஒருங்கே நிறைந்த என் மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அம்மா சௌக்கியம். என்னைப் பற்றிக் கொஞ்சம் கீழே எழுதியிருக்கிறேன். உன் மோட்டார் சைக்கிளைப் பற்றி அதற்கும் கீழே. பயிற்சி வகுப்பு எப்படிப் போகிறது, ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, முழங்கைக் காயம் ஆறிவிட்டதா என்பதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருப்பாய். நான் போன் செய்தால்தான் எடுப்பதில்லையே. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

அன்றைக்கு நான் பேசியது தப்பு. மார்க்கெட் முனையில் ஒரு வேன்காரன் உரசியதில் உன் பிரேக் லீவர் அழுந்தி, நீ விழுந்து, கையெல்லாம் ரத்தமாக வந்து நின்றாய். தண்ணீர் வேணுமாம்மா என்று கேட்டிருக்கலாம். நான் வாசலில் நின்று, "மொதல்ல அந்தச் சனியனை வித்துத் தொலை!" என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர் வரைக்கும் கேட்டுவிட்டது. உன் சொந்தச் சம்பளத்தில் நீ வாங்கின வண்டி. நீயோ ஒரு வார்த்தை பேசாமல், வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டு, மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டாய். பயத்தில் வந்த கோபம் அது என்று உனக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லலை.

அப்புறம் கேள். மனசு கேட்காமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொக்கி மாதிரி வளைந்த இரண்டு துண்டை எடுத்து வைத்து, "இது லீவர் கார்டு சார். ஹேண்டில்பார் நுனியில மாட்டிட்டா லீவருக்கு முன்னாடி வேலி மாதிரி நிக்கும். பக்கத்து வண்டி உரசினாலும் பிரேக் அழுந்தாது" என்றார். "இது முன்னாடியே இருந்திருந்தா என் பொண்ணு விழுந்திருக்க மாட்டாளா?" என்று கேட்டேன். "விழுந்திருக்க மாட்டாங்க சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு பல்பு எடுக்கப் போய்விட்டார். அப்போதே காசைக் கொடுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டேன். வண்டியைக் கொண்டாங்க, மாட்டித் தர்றேன் என்றுதான் சொன்னார். நான் கேட்பேனா? ஊர் முழுக்கக் குழாய் மாட்டின ஃபிட்டர், இரண்டு ஸ்க்ரூவுக்கு இன்னொருத்தன் கையை எதிர்பார்ப்பதா என்று வீறாப்பாக வந்துவிட்டேன். புத்தி கெட்டது அங்கேதான்.

ஹேண்டில்பார் நுனியில் இருந்த இரும்புக் குண்டைக் கழற்றினால் அது நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது, நொண்டிக்கொண்டே இடது பக்கத்து கார்டை மாட்டினேன், அது சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்துவிட்டது, அந்தத் தெம்பில் வலது பக்கத்துக்குப் போனேன். என் கையைத்தான் உனக்குத் தெரியுமே, எதை மாட்டினாலும் சொட்டக் கூடாது. குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஸ்க்ரூவுக்குச் சுற்றினேன், இறுக்கினேன், எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு சுற்று இறுக்கினேன், அப்படியும் திருப்தி இல்லாமல் பைப் ரெஞ்சை எடுத்து வந்தேன். "ஏங்க, அது வண்டிங்க, தண்ணித் தொட்டி இல்ல" என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னாள். காதில் வாங்கினால்தானே! இறுக்கின இறுக்கில் கார்டு போய் ஆக்ஸிலேட்டர் கைப்பிடியின் ரப்பரைக் கவ்விக்கொண்டதை நான் கவனிக்கவே இல்லை. கேட் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். முறுக்கினது முறுக்கினபடியே நின்றுவிட்டது. கையை எடுத்தாலும் திரும்பி வரவில்லை. வண்டி கத்துகிறது, நானும் கத்துகிறேன், மாடி வீட்டுக்காரர் மேலே இருந்து, "சாவி சார்! சாவியை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்துகிறார், பதற்றத்தில் நான் கிளட்சை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் சாவியைத் தேடுகிறேன். விடுமா வண்டி? ஒரே பாய்ச்சல். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, கண் தெரியாமல் போய் முற்றத்துக் குழாயில் முட்டினேன். நான் மாட்டின நாளிலிருந்து ஒரு சொட்டு ஒழுகாத குழாய், அடியோடு பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் மாடி வீட்டுக்காரர் முகம் வரைக்கும் அடித்தது. ஹெட்லைட் போச்சு, ஒரு பக்கத்து மிரர் போச்சு, என் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஹேண்டில்பார் மட்டும் ஒழுகவில்லை. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, பிரேக் லீவரில் ஒரு கீறல் கிடையாது.

அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புவாயா? வலி தாங்காமல் இல்லை. மன்னிச்சுக்கோம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், அதற்குப் பதில் ஒரு சாமானை வாங்கி மாட்டப் போய், உன் வண்டியையும் கெடுத்து வைத்திருக்கிறேன். அது இனிமேல் ஓடுமா என்றே தெரியவில்லை. நான் அதை விரலால்கூடத் தொட மாட்டேன், அது நிற்கிற பக்கமே போக மாட்டேன், இது சத்தியம். நீ வந்து என்னைத் திட்டு. வர மனசில்லை என்றால் போனிலாவது திட்டு. நீ பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியலை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காயமும் ஆறி, கோபமும் ஆறி, நீ நல்லபடியாக வீடு வந்து சேர ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போய் வண்டியைப் பார்த்திருக்கிறாள். "தையல் மெஷின் சக்கரத்துல துணி சிக்கினா நிக்குமில்ல, அதே கதைதான். இறுக்கி இறுக்கியே பழகிட்டீங்க. கொஞ்சம் இடம் விட்டா அது பாட்டுக்குத் திரும்பி வந்துடும்" என்று சொல்லி, கார்டைத் தளர்த்தி, ரப்பரில் படாதபடி தள்ளி மாட்டிவிட்டாள். முறுக்கிப் பார்த்தேன், திரும்பி வருகிறது. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட வண்டியிலேயே போனேன். முகத்தில் காற்று அடித்த சுகத்தில் பெட்டியைத் தாண்டி, மார்க்கெட் முனையைத் தாண்டி, பாலம் வரைக்கும் போய்விட்டு வீடு திரும்பினால், கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பின்குறிப்பு எழுத இடம் கிடைத்தது. இந்த வண்டியை எவனாவது விற்பானா? ஹெட்லைட்டையும் மிரரையும் நாளைக்கே மாற்றிவிடுகிறேன், கடைக்காரர் கையால்தான். நீ வருகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன். வீட்டுக்கு வரும்போது நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். இறுக்கிப் பிடிக்க மாட்டேன்.