மாமனாருக்குத் தாகம்

அன்று காலை ஒரெஸ்தே ஒரு முடிவுக்கு வந்தான். செத்துப்போன மாமனாரை எழுப்பிவிட வேண்டியதுதான். வேறு வழியே இல்லை.

மாமனார் காஸ்பரே, லாங்கே மலைகளில் பேர்பெற்ற திராட்சைக்காரர். பேத்தி இர்மா, ஒரெஸ்தேயின் மகள், பிறந்த வருஷம் விளைச்சல் அமோகம். அந்த வருஷத்துப் பரோலோ மதுவை வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கினார். இர்மாவின் கல்யாணத்தன்றுதான் திறக்கணும், அதுவரை ஒருத்தனும் தொடக்கூடாது என்றார். அந்த 'ஒருத்தன்' யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது.

பரோலோ ஒரு மாதிரியான மது. புதிதில் முறைத்துக்கொண்டு நிற்கும். வருஷம் ஆக ஆகத்தான் பணியும். கல்யாணமான ஆண்களைப் போல. அது பணிந்துவிட்டதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? இந்த மலைகளிலேயே தன் நாக்குக்கு நிகரான நாக்கு இல்லை என்பது ஒரெஸ்தேயின் நம்பிக்கை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், பக்கத்துத் தோட்டக்காரன் செவெரீனோவைக் கூட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்தான். சந்தேகம் தீரவில்லை. அடுத்த ஞாயிறும் பார்த்தான். பார்த்துப் பார்த்தே அடுக்கில் பாதி காலி.

இர்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. உருளைக்கிழங்கு எடுக்கக் கீழே போன மனைவி டெல்ஃபீனா, வெறும் கூடையோடு மேலே வந்தாள்.

"அடுக்குல ஏன் இவ்வளவு இடம் காலியா இருக்கு?"

"அது... ஆவியாப் போயிருக்கும்."

"பாட்டிலோடவா?"

காலையில் செய்த முடிவு ஒரெஸ்தேக்குக் கைகொடுத்தது. "ஆவின்னா அந்த ஆவி இல்ல. உங்கப்பா ஆவி. கீழ நடமாட்டம் கேக்குது. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

டெல்ஃபீனா வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாவம் அப்பா. வெறும் வயித்துல குடிக்கிறாரே."

மறுநாளிலிருந்து மாமனாருக்குச் சாப்பாடு கீழே போயிற்று. பச்சை இலைச் சாறு ஊற்றிய நெத்திலி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, சூடான ரொட்டி. பயத்தில் தான் படியிறங்க மாட்டேன் என்றாள் டெல்ஃபீனா. ஒரெஸ்தேதான் தைரியசாலி; தட்டைக் கொண்டுபோனான், காலித் தட்டோடு திரும்பினான். உயிரோடு இருந்தவரை ஒரு வாய் ரொட்டி மனசாரப் போடாத மாமனார், செத்த பிறகு இவ்வளவு தாராளமாக இருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

நவம்பரில் மூடுபனி இறங்கியது. நடுப்பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது. திராட்சைக் கொடிகள் மறைந்தன, கோயில் மணிக்கூண்டு மறைந்தது, எதிரே வருகிற மனிதனின் இருமல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தான். அப்படி ஒரு பகலில் ஒரெஸ்தே தட்டோடு இறங்கினான். சுவரில் கறுப்புப் பூஞ்சை பூனை மயிர் மாதிரி படர்ந்து கிடந்தது. முக்காலியின் மேல் ஒரு பாட்டில் திறந்திருந்தது. அவன் திறந்ததல்ல. பக்கத்தில் பாதி நிறைந்த கோப்பை. அதிலிருந்த மது இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

செவெரீனோ வேலையாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். செவெரீனோ ஆல்பா ஊர்ச் சந்தைக்குப் போய் நாலு நாளாகிறது, இன்னும் திரும்பவில்லை என்றாள் அவன் பெண்டாட்டி.

அடுத்த தடவை சுருட்டு வாசனை. மாமனார் பிடிக்கும் அதே காரமான சுருட்டு. ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது. விளக்கைத் தூக்கிப் பார்த்தான். விளிம்பில் தீப்பொறி பட்ட ஓட்டை. சவப்பெட்டியை மூடுமுன் மாமனாரின் மார்பின் மேல் ஒரெஸ்தே தன் கையாலேயே வைத்த தொப்பி அது.

பெரிய பீப்பாய்க்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். ஈரமான, நீண்ட இருமல். பிறகு குரல், அவசரமே இல்லாமல்.

"மாப்ளே. தாகம் தீந்துச்சா?"

ஒரெஸ்தே நாலு காலில் படியேறினான். ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது. சாவியை டெல்ஃபீனாவின் மடியில் போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்தான். காய்ச்சலில் பல் கிட்டித்தது. நான்தான் குடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. எந்தக் காய்ச்சலிலும் அதைச் சொல்லாத அளவுக்கு நிதானம் இருந்தது.

டெல்ஃபீனா அழவில்லை. அப்பாதானே, நானே பேசிப் பார்க்கிறேன் என்று விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். போர்வையோடு எழுந்து வந்து படி முனையில் நின்று ஒரெஸ்தே காதைத் தீட்டிக்கொண்டான். இரண்டு குரல்கள். ஒன்று அவளுடையது. மற்றது கரகரப்பாக, எதற்கோ சிரித்தது.

மேலே வந்தவள் மாமனாரின் உத்தரவைச் சொன்னாள். சாவி இனி அவளிடம். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கொடிகளை ஒரெஸ்தேயே தனியாக வெட்டிச் சீர்செய்ய வேண்டும், முணுமுணுக்காமல். பூசைக்குப் போனால் முன்வரிசை.

அவன் முணுமுணுக்கவில்லை. பனிக்குள் ஒவ்வொரு கொடியாக வெட்டிக்கொண்டே போனான். ஒருநாள் வரிசையின் கடைசியில் தொப்பி போட்ட உருவம் ஒன்று நின்றது. வேலையை மேற்பார்வை பார்ப்பதுபோல் கையைப் பின்னால் கட்டியிருந்தது. யாரது என்று கேட்டான். பனி ஒருமுறை புரண்டது. வரிசையில் யாரும் இல்லை. அன்று அவன் வெட்டிய கொடிகளைப் போல அந்த மலையில் யாரும் வெட்டியதில்லை.

வசந்தத்தில் கல்யாணம். வெயிலில் மேசை போட்டார்கள். டெல்ஃபீனா பாட்டில்களைக் கொண்டுவந்தாள். கொண்டுவந்துகொண்டே இருந்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. குடித்ததையெல்லாம் செத்த மனுஷன் திருப்பி வைத்துவிட்டாரே என்று ஒரெஸ்தே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

சம்பந்தி முதல் கோப்பையை அவனிடம் நீட்டினார். "நாக்குல உங்களை மிஞ்ச ஆளில்லைன்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

புகழ்ச்சி எந்தப் பயத்தையும் போக்கிவிடும். ஒரெஸ்தே கண்ணை மூடி வாயில் உருட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"மோசமில்ல. ஆனா கீழ இருந்ததுல இருந்த அந்த மணம் இதுல இல்ல."

செவெரீனோ சிரிப்பை அடக்கப் பார்த்தான். அது இருமலாக வெடித்தது. ஈரமான, நீண்ட இருமல். ஒரெஸ்தே கோப்பையைக் கீழே வைத்தான். செவெரீனோவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"அந்தத் தொப்பி?"

"அப்பாகிட்ட ரெண்டு இருந்துச்சு. ஓட்டை போடத் தெரியாதா எனக்கு?"

"தோட்டத்துல வந்து நின்னது?"

"தோட்டமா?" என்றான் செவெரீனோ. "அந்தக் குளிர்ல நான் எங்க அண்ணே வெளிய வந்தேன்?"

டெல்ஃபீனாவின் கை ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தியது. அவளும் செவெரீனோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம் யாரும் மலைச்சரிவின் பக்கம் திரும்பவில்லை. ஒரெஸ்தேயும் அந்தப் பேச்சைத் தொடர விரும்பவில்லை.

"சரி, இதுதான் உங்கப்பா வெச்சதுன்னா, நான் குடிச்சது என்ன?"

"நல்லதையெல்லாம் அவர் செத்த அன்னைக்கே அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்று அவள் அவன் கோப்பையை நிரப்பினாள். "நீங்க குடிச்சது, மாட்டுக்கறி ஊறப்போட வெச்சிருந்த மட்டச் சரக்கு."