அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நான் சுட்ட வாஃபிள்

அடுத்தவர் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பூ, இவ்வளவுதானா!" என்று நினைக்கிறவனைவிட ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. சமையல் தெரியாதவன் அடுப்புப் பக்கமே போகமாட்டான், ஊருக்கு நல்லது. தெரிந்தவன் ஒழுங்காகச் சமைப்பான். பார்த்து மட்டும் தெரிந்துகொண்டவன் இருக்கிறானே, அவன் கையில் தீப்பெட்டியைக் கொடுக்கவே கூடாது. இருபது சொச்சம் வயதில் நான் அந்த மூன்றாவது ரகம்.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. எங்கள் முதலாளி சாயபு பெல்ஜியத்திலிருந்து தோல் சீவும் மிஷின் ஒன்றை வரவழைத்தார். அதை மாட்டி ஓட்டிக் காட்ட ஒரு துரையும் கூடவே வந்தார். அவர் பெயரைச் சொல்லப் பார்த்து எல்லோருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டதால், மொத்த ஷாப்பும் அவரை 'மிஷின் துரை' என்றே கூப்பிட்டது. அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் பிரமாதமாகப் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான் துரையின் பங்களாவுக்குப் போவேன். அவர் தன் ஊர்ப் பலகாரம் ஒன்றைச் சுடுவார். மைதாவில் முட்டை, பால், வெண்ணெய் எல்லாம் போட்டு, டப்பாவில் வந்த ஈஸ்ட்டைக் கலந்து, மாவு உப்பும்வரை மூடி வைப்பார். பிறகு மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் ஒரு சர்க்கரையை அதில் போட்டுப் பிசைவார். 'முத்துச் சர்க்கரை' என்று பெயராம். கடைசியில் நீளப் பிடி வைத்த இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மாவு உருண்டையை வைத்து அழுத்தி, தணலில் காட்டுவார். திறந்தால், கட்டம் கட்டமாகக் குழி விழுந்து, ஓரமெல்லாம் சர்க்கரை உருகிப் பளபளவென்று ஒரு பலகாரம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. இங்கிலீஷில் அதை வாஃபிள் என்பார்கள். அவர் பாஷையில் கோஃப்ர்.

துரை ஊருக்குத் திரும்பும்போது அந்த இரும்பை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். (கனம் தாங்காமல் விட்டுவிட்டுப் போனார் என்பது என் அக்காவின் கட்சி.)

அக்கா எஸ்தர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா காலமாகிவிட்டதால் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அம்மாவும் நானும்தான். அதற்கு முன் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதில் ஒரு வீட்டார் அவளைக் கீர்த்தனை பாடச் சொன்னபோது, "அவரும் ஒண்ணு பாடுவாரா?" என்று மாப்பிள்ளையைக் காட்டிக் கேட்டிருந்தாள். இப்போது வேலூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை செல்லத்துரை, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தாயில்லாத பிள்ளை. தகப்பனார் ஞானமுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் என்று மட்டும் தெரியும். "இதுவும் தட்டிப்போனா அவ மனசு விட்டுப்போய்டும்டா," என்று அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எஸ்தர் அதற்கொரு கிண்டலும் அடிக்காமல் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கவலைய விடும்மா," என்றேன். "வேலூர்க்காரங்க கேசரி, பஜ்ஜி எல்லாம் தின்னு சலிச்சவங்க. நான் கோஃப்ர் சுடுறேன்."

"கோபுரமா? கிறிஸ்தவங்க வீட்ல கோபுரம் இன்னாத்துக்குடா?"

விளக்கிச் சொன்னேன். வேறு எந்தப் பலகாரமும் செய்யக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவும் போட்டேன். அம்மா வடைக்கென்று நனைத்து வைத்திருந்த கடலைப் பருப்பைக்கூடப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. முத்துச் சர்க்கரை ஆம்பூரில் கிடைக்காது. அதனாலென்ன, கற்கண்டை உடைத்துப் போட்டால் போயிற்று. இரண்டும் வெள்ளை, இரண்டும் இனிப்பு. அடுத்தது ஈஸ்ட். ரொட்டிக்கடைக்காரரைக் கேட்டேன்.

"ஈஸ்ட்டுக்கு நான் எங்க போவேன் சார்? புதுக் கள்ளு ஊத்துவோம். ரொட்டி கும்முனு எழும்பும்," என்றார்.

பெண் பார்க்கும் நாள் காலையில், துண்டில் சுற்றிய சொம்போடு, பனந்தோப்பு ஓரம் இருந்த கள்ளுக்கடைக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவை. கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார், நீயா!"

"மாவுல ஊத்தறதுக்குப்பா. குடிக்க இல்ல."

"எதுக்கா இருந்தா எனக்கு இன்னா சார். சொம்ப நீட்டு."

கம்மியாக ஊற்றி மாவு எழும்பாமல் போனால் பேஜாராகிவிடுமே என்று, சொம்பு நிறையவே வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் நின்றார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மதுவிலக்குத் துண்டுப் பிரசுரக் கட்டு.

"தம்பி, நில்."

நின்றேன். அந்தக் குரலுக்கு எருமைகூட நிற்கும்.

"படித்த பிள்ளையாகத் தெரிகிறாய். இந்த விஷத்தை ஏன் வாங்கினாய்?"

"ஐயா, இது குடிக்க இல்லீங்க. சமைக்க."

"மருந்துக்கு என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். சமைக்க என்று சொன்னவன் நீ ஒருவன்தான்," என்றார் பெரியவர். அடுத்த நொடி என் தலையில் கையை வைத்து உரத்த குரலில் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். என்னுடைய பாவங்கள் மட்டுமல்ல, என் பரம்பரையின் பாவங்களும் அதில் வந்தன. எங்கள் ஷாப்பு ஆட்கள் சிலர் வேலைக்குப் போகிற வழியில் நின்று பயபக்தியோடு பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் 'ஆமென்'கூடச் சொன்னார்.

"இப்போது அதைக் கீழே ஊற்றிவிடு, மகனே."

அக்காவின் கல்யாணத்தைக் கீழே ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. எடுத்தேன் ஓட்டம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஓடினேன். அந்த நேர்த்தியைப் பார்த்துத்தான் நான் எவ்வளவு பழுத்த குடிகாரன் என்று அவர் முடிவு கட்டினாராம். பிற்பாடு அவரே சொன்னது.

வீட்டுக்கு வந்து மைதாவில் முழுச் சொம்பையும் கவிழ்த்தேன். மாவு தளர்ந்துவிட்டது. இன்னும் மைதா போட்டேன். இறுகிவிட்டது. பால் ஊற்றினேன். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அண்டா அளவுக்கு வந்து சேர்ந்தோம். தாம்பாளத்தால் மூடி அடுப்பங்கரை மூலையில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். துரையின் பங்களாவில் அவர் மாவு வைத்தது மார்கழிக் குளிரில், நான் வைத்தது ஆம்பூர்ச் சித்திரை வெயிலில் என்கிற வித்தியாசம் என் மூளையில் உதிக்கவில்லை.

'டணார்' என்று சத்தம் கேட்டு எழுந்தேன். தாம்பாளம் தரையில் உருண்டுகொண்டிருந்தது. மாவு அண்டாவை விட்டு இறங்கி, வாசற்படியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"டேய்! அதுக்கு உயிர் இருக்குதுடா!" என்று அம்மா அலறினாள்.

வீடு முழுக்கக் கள்ளு நாற்றம். அதை மறைக்க எஸ்தர் சாம்பிராணி போட்டாள். இப்போது பூசை நடக்கிற கள்ளுக்கடை மாதிரி மணத்தது. "நல்லா இருக்குடா," என்றாள் அவள். "வர்றவங்க கதவுகிட்டயே திரும்பிடுவாங்க. எனக்கும் வேலை மிச்சம்."

மாவை அள்ளி அண்டாவில் திணித்து, கற்கண்டைப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கும்போதே வாசலில் ஜட்கா வந்து நின்றது. முழங்கைவரை மாவோடு ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

வண்டியிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. அதன் பின்னால் வெள்ளைக் கோட்டு.

"நீயா?" என்றார் ஞானமுத்து வாத்தியார். பெண் பார்க்க வருகிற ஊரில் கள்ளுக்கடைக்கு முன் ஊழியமும் செய்துவிடலாம் என்று, மனிதர் காலை ரயிலிலேயே வந்து இறங்கியிருக்கிறார்.

என் முகம் போன போக்கை அம்மா கவனிக்கவில்லை. "எம் புள்ளைங்க," என்றாள் பெருமையாக. "தோல் ஷாப்புல குமாஸ்தா. ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க."

வாத்தியார் குடையை மடக்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். நான் அடுப்பங்கரைக்குள் ஓடிவிட்டேன்.

இரும்பைக் காயவைத்து மாவு உருண்டையை வைத்து அழுத்தினேன். நெய் தடவ மறந்துவிட்டது. கற்கண்டு வெளிப்பக்கம் உருகிப் பாகாகி, இரண்டு தகட்டையும் ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டது. புகை கூடத்துக்குப் போயிற்று. பதறிப்போய்க் கையாலேயே தகட்டைப் பிரிக்கப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு கத்தினேன். அறைக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய எஸ்தர் ஒரு பக்கமிருந்தும், கூடத்தில் அடக்கமாக இருக்க வேண்டிய மாப்பிள்ளை இன்னொரு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள்.

செல்லத்துரை என் கையைப் பானைத் தண்ணீரில் முக்கினார். பிறகு இரும்பைப் பார்த்தார். "இதை இன்னா பண்றது?"

"நீங்க அந்தப் பிடியப் புடிங்க. நான் இதப் புடிக்கிறேன்," என்றாள் எஸ்தர்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். இரும்பு 'பட்'டென்று திறந்துகொள்ள, அவர் விறகுக் கட்டின்மேல் போய் விழுந்தார். கோட்டெல்லாம் கரி. எஸ்தர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அவரே சிரித்துவிட்டார். அடுத்த வாஃபிளுக்கு அவள் நெய் தடவினாள், அவர் இரும்பைப் புரட்டினார். பார்வைக்கு நன்றாகவே வந்தது. நான் கையைப் பானைக்குள் விட்டபடி மேற்பார்வை பார்த்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போனால், வாத்தியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, மனசு கஷ்டப்படும். ஆனால் சொல்லத்தான் வேண்டும். உங்கள் மகன் குடிக்கிறான். என் கண்ணால் பார்த்தேன்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எஸ்தர் முன்னால் வந்தாள்.

"இல்லீங்க மாமா. வாங்கின கள்ளு மொத்தமும் இந்த மாவுலதான் இருக்குது. குடிக்கிற அளவுக்கெல்லாம் இவனுக்குத் துப்பு கிடையாதுங்க."

(என் வாழ்நாளில் என்னைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட வார்த்தைகளிலேயே மிகவும் கேவலமானது அதுதான்.)

"மாவில் கள்ளா? யாராவது பலகாரத்தில் கள் ஊற்றுவார்களா?"

"உங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு ஆப்பம் சுடறதில்லீங்களா? ஆப்பமாவு எதுல பொங்குது?"

வாத்தியார் மகனைப் பார்த்தார். மகன் கரி படிந்த தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார்.

"நம் வீட்டு ஆப்பத்திலுமா, செல்லத்துரை?"

"சமையக்காரம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்கப்பா. அடுப்புல வெச்சா போதையெல்லாம் ஆவியாப் போய்டும். தப்பில்லப்பா."

வாத்தியார் தட்டில் இருந்த வாஃபிளைக் குனிந்து பார்த்தார். எத்தனை கிறிஸ்துமஸ் ஆப்பங்கள் அவர் கண்முன் வந்துபோயினவோ! ஆனாலும் நியாயமான மனிதர். "சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது," என்று ஒரு வாஃபிளை எடுத்து நன்றாகக் கடித்தார்.

'கடக்.'

முத்துச் சர்க்கரை பல்லில் பட்டதும் உடைந்து கரையும். கற்கண்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வாத்தியார் வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு வெள்ளைத் துண்டுகள். எது கற்கண்டு, எது பல் என்று அவருக்கே தெரியவில்லை. மகன் குனிந்து பார்த்தார்.

"பெருசு கற்கண்டுப்பா."

எஸ்தர் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். போச்சு, இந்த இடமும் போச்சு, அதுவும் என்னால் போச்சு என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்தேன்.

அப்போது செல்லத்துரையும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே, "அப்பா, எனக்குச் சம்மதம்," என்றார்.

வாத்தியார் வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவர் மனசில் ஆட்சேபணைகள் நிறைய இருந்திருக்கும். ஒன்றையும் சொல்ல வழியில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன யாரும் கேக்கலையே," என்றாள் எஸ்தர். கேட்டார்கள். அவளும் சம்மதம் என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. (நான் சமையல் பந்தலுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட்டிருந்தார்கள்.) வாத்தியார் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அந்தக் காலைக் காட்சியை விட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. பேரணாம்பட்டிலிருந்து கலவைவரை எங்கே மதுவிலக்குக் கூட்டம் நடந்தாலும், கள்ளுக்கடை வாசலில் தான் தடுத்தாட்கொண்ட ஆம்பூர் வாலிபனைப் பற்றிச் சொல்வார். ஓட்டம் வரைக்கும் சொல்வார், அதோடு அவன் திருந்திவிட்டான் என்று முடிப்பார். மாவைப் பற்றிச் சொல்லமாட்டார். நான் ஒருமுறை கேட்டபோது, "மாவு வந்தால் பிரசங்கத்தின் வேகம் குறைகிறது, தம்பி," என்றார்.

அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் பேரணாம்பட்டுக்காரர் ஒருவரும் உண்டு. "குடிச்சுத் திருந்தினவன் மறுபடி தொடமாட்டான்," என்று நம்பி, அந்த வாலிபன் நான்தான் என்று விசாரித்து, அவர் தன் மகள் ரூத்தை எனக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளிடம் நடந்த கதை முழுவதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்ப நீங்க குடிச்சதே இல்லியா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"சே! நான்தான் உங்களத் திரும்பக் கெட்டுப்போகாம காப்பாத்திக்கிட்டு வர்றேன்னு எங்க ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே!"

இன்றுவரை அவள் அதை வாபஸ் வாங்கவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குப் போனால், சொந்தக்காரர்கள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவளைத்தான் கேட்கிறார்கள்: "இப்ப எப்படி இருக்காரு? பரவால்லியா?" அவளும் ஒரு பெருமூச்சு விட்டு, "ஏதோ, ஆண்டவன் புண்ணியத்துல," என்கிறாள்.