தெரியாமல் ஜெயித்த மார்க்கர்

எங்கள் மலைநாட்டில் மார்க்கர் அண்ணனைப் போல் அழகாகத் தோற்கத் தெரிந்த மனிதர் முன்னும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். நுவரெலியாவில் துரைமார் கிளப் ஒன்றில் நான் கிளார்க், அவர் டென்னிஸ் மார்க்கர். ஜோடி இல்லாமல் வரும் துரையோடு ஆடித் தோற்பதுதான் அவர் உத்தியோகம்.

சும்மா தோற்றால் துரைக்குக் கோபம் வரும். வேர்க்க விறுவிறுக்க ஓடி மயிரிழையில் தோற்க வேண்டும். பந்தைத் தவறவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பி அவர் பார்க்கும் பார்வைக்கே தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

ஏப்ரல் சீசனில் மனிதருக்கு வீடே மறந்துவிடும். துரை போனால் துரைசானி, அவர் போனால் பிள்ளைகள். தூக்கமும் கிளப் கொட்டகையில்தான். ஒருநாள் லயத்து வீட்டுக்குப் போனவரைப் பார்த்து, சின்ன மகள் "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

அவர் மனைவி கிளப் வாசலுக்கே வந்து என்னிடம் முறையிட்டார். "வந்தாலும் நிம்மதி இல்லீங்க. தூக்கத்துல கைய வீசி வெளக்க ஒடைச்சிட்டாரு. வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. அதுக்கும் வரலைன்னா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்கு, வட்டவளைக்குப் போயிருவேன். சொல்லிருங்க."

சொன்னேன். அண்ணன் பதறிப்போய் செக்ரட்டரி துரையிடம் லீவு கேட்டார். சீசன் முடியட்டும் என்றுவிட்டார் துரை.

வியாழக்கிழமை அந்தத் துரையோடேயே ஆட்டம். விடிந்ததிலிருந்து ஆடி அண்ணனுக்குக் கண் சொருகியது. விழிப்பு இருந்தால்தானே தோற்க வேண்டும் என்ற நினைப்பு இருக்கும்? கை அதன் பாட்டுக்கு அடித்தது. துரைக்கு ஒரு கேம் கூடக் கிடைக்கவில்லை. விருந்தாளிகள் கை தட்டிய சத்தத்தில்தான் மனிதருக்குத் தெளிந்தது.

"மன்னிச்சிருங்க தொரை. தெரியாம ஜெயிச்சிட்டேன்."

துரையின் மூக்கு சிவந்தது. "ஒரு கெழமைக்கு இந்தப் பக்கம் வராதே."

ஏழு நாள் தண்டனை கிடைத்ததும் அண்ணன் லயத்தைப் பார்த்து ஓடிய ஓட்டத்தை நான் கோர்ட்டில்கூடக் கண்டதில்லை.

காது குத்துக்கு நானும் போயிருந்தேன். மாமன் மடியில் அழுது ஓய்ந்த பாப்பா, ஒரு பலகைத் துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவை வாசலுக்கு இழுத்தாள். அவள் அடித்த பந்தையெல்லாம் அவர் தவறவிட்டார். தோற்றுவிட்டு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு ஆடவே தெரியல."

"நாளைக்கும் தோப்பாருடி," என்றார் அவர் மனைவி, கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு கெழமைக்கு நம்மகிட்டதான்."

அதற்குப் பிறகு ஜெயித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடித்தவர் அவர்தான்.